பேரேட்டில் ஏறாத கணக்கு

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட அமர்வொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று கேட்டால் மதரஸாவில் ஓதும் சிறுவன்கூடச் சொல்லிவிடுவான். அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். அது எதைப் பற்றிப் பேசுகிறது? கொடுக்கல் வாங்கலைப் பற்றி. கடன் சிறியதோ பெரியதோ எழுதி வையுங்கள், எழுத்தர் நேர்மையாக எழுதட்டும், சாட்சிகளை வையுங்கள் என்கிறது. வியாபாரிகளாகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கடையில் சிட்டை போடுகிறீர்கள். இரவு கல்லாவை எண்ணிய பின் பேரேட்டில் ஏற்றுகிறீர்கள். இப்போது அதையே கணினியில் செய்கிறீர்கள். பத்து வருடத்துக்கு முன் எந்தச் சரக்கு எவரிடம் என்ன விலைக்கு வாங்கினோம் என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் காட்டுவீர்கள்.

அந்தக் கடையை வைத்தவர் யார்? உங்கள் பாட்டனார். அவர் எத்தனை வயதில் சஃபர் போனார்? எந்தக் கப்பலில் போனார்? முதல் சம்பளம் என்ன? எதைச் சாப்பிட்டு வயிற்றைக் கழுவினார்? அவருக்கு எழுத்து யார் கற்றுக் கொடுத்தார்கள்? சொல்லுங்கள் பார்க்கலாம்! சரக்குக்குக் கணக்கு இருக்கிறது. மனிதருக்குக் கணக்கு இல்லை.

"எங்கள் பாட்டனாரைப் பற்றி மலரில் போட்டிருக்கிறார்களே ஹஜ்ரத்" என்று சிலர் சொல்லலாம். அந்த மலர்களை நானும் பார்த்திருக்கிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர், புரவலர் என்று வரிசையாகப் படம் போட்டு, "மர்ஹூம் அவர்கள் கொடை வள்ளல், எளிமையானவர், ஐங்காலத் தொழுகையைப் பேணியவர்" என்று நான்கு வரி எழுதியிருப்பார்கள். பெயரை மாற்றிப் போட்டால் எந்த ஊர் ஹாஜியாருக்கும் அது பொருந்தும். இயக்கங்கள் வெளியிடும் மலர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதில் அந்த மனிதர் இருக்கிறாரா? அவர் வீட்டு உம்மா இருக்கிறார்களா? கடையில் நாற்பது வருடம் மூட்டை தூக்கியவர் இருக்கிறாரா?

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நாம் எத்தனை ஜனாஸாக்களைச் சுமந்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். சிலவற்றைச் சுமக்கக்கூட விடவில்லை. அந்த முதியவர்களோடு சேர்ந்து என்னென்ன மண்ணுக்குள் போயிற்று என்று எவருக்கும் தெரியாது. எஞ்சியிருப்பவர்களிடமாவது கேட்டு வாங்கி வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த உரை.

கேட்பது எப்படி?

ஒரு வாலிபர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பெரியவர் முன் உட்கார்ந்து, "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் என்ன நடக்கும்? "என்ன வாழ்க்கை தம்பி, அல்லாஹ் வைத்தபடி ஓடிப் போச்சு" என்பார். அத்தோடு முடிந்தது. பெரிய கேள்வி வாயை அடைத்துவிடும். சின்னக் கேள்விதான் வாயைத் திறக்கும்.

பினாங்கில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு பெரியவரிடம் நான் பேசிக்கொண்டிருந்தேன். 1953-ல் பதினேழு வயதில் போனவர். ரஜூலா கப்பலில் போனேன் என்றார். சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல் அது. நம் கடலோர ஊர்களில் அந்தப் பெயரைச் சொன்னாலே முதியவர்கள் முகம் மாறும். "கஷ்டமான பயணமா நானா?" என்று கேட்டேன். "எல்லாரும் போனாங்க, நானும் போனேன்" என்றார். பிறகு, "கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் பேசினார்.

உம்மா ஒரு பால் டின்னில் பொரித்த கருவாடும் இன்னொன்றில் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்துவிட்டார்களாம். கப்பல் ஆட்டத்தில் இரண்டு நாள் எதுவும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் டெக்கில் பக்கத்தில் படுத்திருந்த, வேறு ஊர்க்காரர் ஒருவர் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கடித்துச் சப்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இவர் நார்த்தங்காயைக் கொடுத்திருக்கிறார். அந்த எலுமிச்சம்பழக்காரர்தான் பினாங்கில் இவரைக் கொண்டுபோய் வேலையில் சேர்த்தவர். பதினோரு வருடம் கழித்து இவருடைய தங்கைக்கு மாமனாரும் அவர்தான். இரண்டு ஊர்களுக்கு இடையில் இன்றுவரை நடக்கிற சம்பந்தங்களின் வேர் ஒரு எலுமிச்சம்பழத்தில் இருக்கிறது! "வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் இது கிடைத்திருக்குமா?

ஆகவே நான்கு வாசல்கள் வழியாக நுழையுங்கள் என்கிறேன். வீட்டுக்கு வந்த இயந்திரம், முற்றத்தில் நின்ற மரம், சட்டியில் வெந்த சோறு, கையில் கிடைத்த எழுத்து. இவை நான்கும் ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லோர் வாழ்விலும் உண்டு. இவற்றைப் பற்றிப் பேச எவரும் கூச்சப்படுவதில்லை. பெருமையடிக்கவும் இதில் அதிக இடமில்லை.

"இதெல்லாம் துன்யாவின் அற்பச் செய்திகள். இவற்றைப் போய்ச் சேகரிப்பதா?" என்று ஒரு ஆட்சேபம் வரும். வரட்டும். இமாம் திர்மிதீ (வஃபாத் ஹிஜ்ரி 279) தொகுத்த ஷமாயில் என்ற நூலின் பாடங்களைப் புரட்டிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் செருப்பு, மோதிரம், தலைவாரியது, ரொட்டி, குழம்பு, பருகிய பாத்திரம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பாடம் இருக்கிறது. புகாரியில் ஒரு செய்தி வருகிறது. ஒரு தையற்காரர் நபியவர்களை விருந்துக்கு அழைக்கிறார். சிறுவராக இருந்த அனஸ் (ரலி) கூடப் போகிறார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட குழம்பும் வைக்கப்படுகின்றன. நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்பதை அனஸ் பார்க்கிறார். அன்றிலிருந்து தமக்குச் சுரைக்காய் பிடித்துப்போயிற்று என்று பிற்காலத்தில் சொல்கிறார்.

ஒரு முதியவர் தம் இளமைக்கால விருந்தொன்றை நினைத்துச் சொல்கிறார். அதில் ஒரு காய் இருக்கிறது, ஒரு தொழிலாளியின் வீடு இருக்கிறது, அன்பு இருக்கிறது. அதைக் கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்ற சங்கிலியோடு நம் கைக்கு வந்திருக்கிறது. சுரைக்காய் அற்பம் என்று அவர்கள் தள்ளியிருந்தால்? அந்தத் தையற்காரரின் பெயர் அந்த அறிவிப்பில் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆனால் அவர் வைத்த குழம்பு இருக்கிறது.

ஒரே ஒரு செய்தியை அதைக் கேட்டவர் வாயாலேயே கேட்பதற்காக ஜாபிர் (ரலி) ஒட்டகம் வாங்கி ஒரு மாதம் பயணம் செய்து ஷாமுக்குப் போனார். நாமோ அடுத்த தெருவிலிருக்கும் நன்னாவைப் பார்க்க நேரமில்லை என்கிறோம்!

பிறர் செய்ததையும் பார்ப்போம்

நல்ல முறை எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 1937-ல் மூன்று இளைஞர்கள், ஒருவர் கவிஞர், ஒருவர் மானிடவியலாளர், ஒருவர் திரைப்படக்காரர், மாஸ் அப்சர்வேஷன் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். அரசர்களையும் அமைச்சர்களையும் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், சாதாரண ஜனங்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதட்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த ஆண்டு மே 12-ம் தேதி, ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. அன்றைய தினம் தாங்கள் என்ன செய்தோம் என்று மக்களை எழுதச் சொன்னார்கள். பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் நாட்குறிப்பு எழுதி அனுப்பினார்கள்.

அவர்களில் நெல்லா லாஸ்ட் என்ற இல்லத்தரசி ஒருவர். பாரோ-இன்-ஃபர்னஸ் என்ற கப்பல் கட்டும் ஊரில் இருந்தவர். 1939-ல் எழுதத் தொடங்கும்போது அவருக்கு வயது 49. 1966 வரை எழுதினார். ஒரு கோடிக்கும் அதிகமான சொற்கள் என்று மதிப்பிடுகிறார்கள். என்ன எழுதினார்? ரேஷன் சாமான்களை வைத்து எப்படிச் சமைத்தேன், கோழி வளர்த்தேன், குண்டு விழுந்த இரவில் எங்கே பதுங்கினேன், கணவரோடு ஏன் பேசப் பிடிக்கவில்லை என்பவற்றை. போர்க்காலத்தில் ஒரு குடும்பம் எப்படி மூச்சுவிட்டது என்று தெரிந்துகொள்ள இன்று ஆய்வாளர்கள் அந்த அம்மையாரிடம்தான் போகிறார்கள். இடையில் நின்றுபோன அந்த முயற்சி 1981-ல் மீண்டும் தொடங்கி இன்றும் நடக்கிறது. உணவு, தோட்டம், வாசிப்பு, வீட்டுக் கருவிகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குகிறார்கள். எல்லாம் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.

அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது பணமோ கட்டடமோ அல்ல. ஒரு இல்லத்தரசியின் அடுப்படியைப் பொருட்படுத்திய அந்த மரியாதையைத்தான்.

பெட்டிக்குள் இருக்கும் குரல்கள்

இயந்திரம் என்றேன். நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை அந்த இயந்திரம் டேப் ரிக்கார்டர்தான். 1973-ல் எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளில் வேலை பெருகி, நம் வாலிபர்கள் துபாய்க்கும் சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள். இதை எல்லோரும் பேசுகிறார்கள். பின்னால் இருந்த வீடுகளில் என்ன நடந்தது என்பதை எவரும் பேசுவதில்லை.

கடிதம் போய்ச் சேரப் பத்துப் பதினைந்து நாள். மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால்? பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். பதிலையும் அவனே எழுத வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு மூதாட்டி சொன்னார்கள்: "எட்டாம் கிளாஸ் படிக்கிற பையனைப் பக்கத்தில் வச்சுக்கிட்டுப் புருஷனுக்கு என்னத்தைச் சொல்றது ஹஜ்ரத்? எல்லாரும் நலம், பணம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான் நாலு வருஷமும்."

அப்புறம் கணவர் ஒரு டேப் ரிக்கார்டரும் கேசட்டுகளும் கொடுத்தனுப்பினார். இந்த மாது கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கருவிக்கு முன் உட்கார்ந்து, கல்யாணமாகி ஐந்து வருடத்தில் முதல் தடவையாகக் கணவரிடம் மனம் விட்டுப் பேசினார்களாம். மாமியார் சொன்னது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, கொல்லைச் சுவர் இடிந்தது எல்லாம். ஊர் திரும்பும் ஒருவரிடம் கேசட் வரும், போகிறவரிடம் கேசட் போகும். எழுத்தறிவு இல்லை என்று சமுதாயம் ஒதுக்கிய ஒரு பெண்ணுக்குச் சொந்தமாகக் கடிதம் எழுதும் வல்லமையை அந்தப் பிளாஸ்டிக் பெட்டி கொடுத்திருக்கிறது. விஞ்ஞானக் கண்டுபிடிப்புகளைப் பற்றி மேடைகளில் நாம் ஹராமா ஹலாலா என்று மட்டுமே வாதம் செய்துகொண்டிருந்த காலம் அது!

இப்போது அந்தக் கேசட்டுகள் எங்கே? பரணில், பழைய சூட்கேஸில். அந்த மூதாட்டியிடம் நாற்பதுக்கு மேல் இருந்தன. பாதிக்கு மேல் பேரன் சினிமாப் பாட்டுப் பதிந்துவிட்டான். சிலவற்றில் நாடா பூஞ்சை பிடித்து வெளுத்துக் கிடக்கிறது. மீதியில் மர்ஹூம் அவர்களின் குரல் இருக்கிறது. பின்னணியில் ஏதோ ஒரு அறையில் நாலைந்து பேர் சமைக்கும் சத்தம், பாங்கு, யாரோ ஒருவர் "நம்ம வீட்டுக்கும் சலாம் சொல்லு" என்று கத்துவது. துபாயில் நம்மவர்கள் வாழ்ந்த வாழ்வுக்கு இதைவிட நேரடியான சாட்சி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

இளைஞர்களே! இதில் அவசரம் இருக்கிறது. கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கும். முதல் வேலையாக அவற்றை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு எவரும் அதன்மேல் பதிய முடியாது. பூஞ்சை தெரிந்தால் கருவியில் போடாதீர்கள், நாடா அறுந்துவிடும், கருவியின் தலைப்பகுதியும் கெடும். நல்ல நிலையில் இருப்பதை ஓடவிட்டு, கம்பி வழியாகக் கணினிக்கு மாற்றுங்கள். ஒரு பக்கம் முப்பது நிமிடம் என்றால் மாற்றவும் முப்பது நிமிடம்தான் ஆகும். ஓடும் கருவி ஊரில் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவரும் வயதானவராக இருப்பார். அவரையும் பேச வையுங்கள். எத்தனை வீட்டு டேப் ரிக்கார்டர்களைப் பிரித்திருப்பார்!

சட்டியில் இருக்கும் சரித்திரம்

சென்னை பர்மா பஜார் பக்கம் மாலையில் போனால் அத்தோ விற்கும் வண்டிகளைப் பார்க்கலாம். நூடுல்ஸும் முட்டைக்கோஸும் வெங்காயமும் புளியும் கலந்து கையால் பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். நம் வாலிபர்கள் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அது எப்படி அங்கே வந்தது? 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை கடந்து அஸ்ஸாமுக்கு நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். போர் முடிந்து பலர் திரும்பவும் போனார்கள். 1964-ல் நே வின் ஆட்சி கடைகளை அரசுடைமையாக்கியது. அதே மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. ஒரே ஆண்டில் கடையும் போயிற்று, கையிலிருந்த பணமும் போயிற்று. திரும்பி வந்தவர்களுக்காக 1969-ல் உருவானதே அந்த பஜார். எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள் நாக்கில் இருந்த ருசியை மட்டும் கொண்டுவந்தார்கள். அது இன்றும் பலருக்குச் சோறு போடுகிறது.

பினாங்கில் நாசி கண்டார் என்று புகழ்பெற்ற உணவு உண்டு. நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் வைக்கும் தண்டு. தண்டின் ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்புகளுமாகத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்ற நம் தமிழ் முஸ்லிம்களின் தொழில்தான் பெயராக நிலைத்திருக்கிறது. கீழக்கரையில் தொதல் கிண்டுகிறார்களே, அது மலாய்க்காரர்களின் டோடோல். போனவர்கள் அங்கே குழம்பைக் கொடுத்தார்கள், அங்கிருந்து இனிப்பைக் கொண்டுவந்தார்கள். வணிகப் பெருமக்களே, உங்கள் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கில் இது உண்டா?

உங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சியில் என்ன போடுகிறார்கள், பக்கத்து ஊரில் போடாத எதைப் போடுகிறார்கள் என்று உம்மாவிடம் கேளுங்கள். யாரிடம் கற்றார்கள், அவர் எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார் என்று நூல் பிடித்துப் போங்கள். அம்மியிலிருந்து மிக்ஸிக்கு மாறிய நாளைக் கேளுங்கள். "அன்னிக்குத்தான் சஹர் நேரத்தில் அரை மணி கூடத் தூங்கினேன்" என்று சொல்லாத தாய் இருப்பாரா?

கைநாட்டு வைத்த வாசகர்கள்

வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் மூதாட்டிகள் பலர் பத்திரங்களில் கைநாட்டு வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர்களுக்கு எழுத்தறிவு இல்லை என்று அரசாங்கம் எழுதிக்கொண்டது. நாமும் நம்பினோம். ஆனால் அவர்களில் பலர் அரபுத் தமிழை, அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழைச் சரளமாக வாசித்தவர்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) எழுதிய மகானியை மடியில் வைத்து மஸ்அலா சொன்ன பெண்கள் உண்டு. தமிழ் எழுத்து தெரியாது, தமிழ் நூல் படிப்பார்கள்! இப்படியொரு வாசகக் கூட்டம் இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள்தான். அவர்களுடைய பேத்திகளான நம் பெண்களுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. வீட்டில் கிடக்கும் பழைய அரபுத் தமிழ் ஏடுகளைக் குர்ஆன் என்று எண்ணிக் கண்ணியமாகப் புதைத்துவிடுகிறார்கள் அல்லது ஆற்றில் விடுகிறார்கள். கண்ணியம் சரிதான். போனது என்ன என்று பார்த்துவிட்டாவது விடக்கூடாதா?

நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938-ல் "காதலா கடமையா" என்ற நாவலை வெளியிட்டார். எண்பது வருடங்களுக்கும் முன்னால் ஒரு முஸ்லிம் பெண் நாவல் எழுதினார் என்றால், அவரைச் சுற்றி வாசித்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மளிகைப் பொட்டலத்தைப் பிரித்து அந்தத் தாளை நீவி வாசித்த பெண்கள், தம்பியின் பாடப் புத்தகத்தை அவன் தூங்கிய பின் எடுத்துப் படித்த ராத்தாக்கள், இவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. "முதலில் எதைப் படித்தீர்கள், யாருக்குத் தெரியாமல் படித்தீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். பதில் நமக்குக் கசக்கலாம். கசப்பையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லை சொல்லும் மரம்

தோட்டம் என்றவுடன் சிலர் சிரிக்கிறார்கள். முருங்கையும் மருதோன்றியும் நிற்கும் கொல்லைக்கு என்ன கதை என்கிறார்கள். யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள் சகோதரர்களே! 1990 அக்டோபர் 30. சோனகத் தெருவிலும் சுற்றுப்புறங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுங்கள் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75 ஆயிரம் பேர் அந்த மாதத்தில் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளம் பக்கம் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். அவர்களும் தமிழ் பேசியவர்கள், துரத்தியவர்களும் தமிழ் பேசியவர்கள்.

2009-ல் போர் முடிந்து திரும்பிப் போனவர்கள் கண்டது என்ன? கூரையில்லாத சுவர்கள், காடு மண்டிய வளவுகள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓட எத்தனை பேருக்கு நேரம் இருந்தது? தெருவே அடையாளம் இழந்து கிடக்கும்போது, "இந்தக் கிணற்றுக்கு வடக்கே எங்கள் மாமரம், அதற்கு அப்பால் அவர்கள் வேலி" என்று சொல்லத் தெரிந்த ஒரு கிழவி எவ்வளவு பெரிய ஆவணம்! அவர் 1998-லேயே புத்தளத்தில் மவுத்தாகியிருந்தால், அவர் சொன்னதை எவரும் எழுதி வைக்காதிருந்தால்? அந்த வெளியேற்றத்தைப் பற்றி விசாரிக்க அமைந்த குடிமக்கள் ஆணையம் பாதிக்கப்பட்டவர்களிடம் வாக்குமூலங்கள் வாங்கி 2011-ல் அறிக்கை வெளியிட்டது. சம்பவம் நடந்து இருபத்தொரு வருடம் கழித்து! அதற்குள் எத்தனை வாய்கள் மூடியிருக்கும்?

நமக்கு அப்படி நேராது என்று சொல்லாதீர்கள். கடல் வந்தால் என்ன செய்வீர்கள்? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியே போயிற்று. 2004-ல் சுனாமி வந்தது. கொல்லையில் என்ன மரம் நின்றது, யார் நட்டார், எந்தப் பிரசவத்துக்கு நட்டார் என்று கேட்டு எழுதுங்கள். அதோடு ஒரு கைப்படமும் வரைந்து வாங்கிவிடுங்கள்.

சில நிபந்தனைகள்

ஹதீஸ் கலை படித்தவன் என்ற முறையில் சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். சொல்பவர் கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா என்று ஒவ்வொன்றுக்கும் பிரித்து எழுதுங்கள். கேட்டது என்றால் யாரிடம் கேட்டார் என்று எழுதுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் நீங்களாக ஆண்டைப் போடாதீர்கள். "தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா பின்னாலா? மூத்தவர் பிறந்த பிறகா?" என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள். "பினாங்கு" என்பதை "பெனாங்கு" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். அவர்கள் பேச்சை மேடைத் தமிழாக மாற்றும் வேலையை உங்களுக்கு எவரும் தரவில்லை. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு முரண்பட்டால் இரண்டையும் வையுங்கள். நம் முஹத்திஸ்கள் அப்படித்தான் வைத்தார்கள்.

அடுத்தது அமானிதம். வியாபாரம் நொடித்த கதை வரும். பங்காளி ஏமாற்றிய கதை வரும். சஃபர் போன இடத்தில் இன்னொரு குடும்பம் இருந்த கதையும் வரும். வராது என்று எண்ணாதீர்கள், சோற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் அங்கேதான் போய் நிற்பார். அதைக் கேட்டுவிட்டு அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் போடுகிற வாலிபன் இந்தப் பக்கமே வர வேண்டாம். யார் பேசுகிறாரோ அவருக்கே அது சொந்தம். இப்போது வெளியிடலாமா, என் காலத்துக்குப் பிறகா, எப்போதும் வேண்டாமா என்று அவரிடம் கேட்டு, அந்தப் பதிலையும் பதிவின் தொடக்கத்திலேயே பதிந்துவிடுங்கள். பெண்களிடம் பெண்களே போய்க் கேட்கட்டும். நம் கல்லூரி மாணவிகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். அவர்கள் கொண்டுவந்ததை நாம் திருத்தாமல் இருந்தால் போதும்.

வணிகர்களிடம் பணம் கேட்கப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். பணம் பெரிதாக வேண்டியதில்லை. பழைய சிட்டைகள், கடைக் கடிதங்கள், பில் புத்தகங்கள், கப்பல் சீட்டுகள், பழைய பாஸ்போர்ட்டுகள் இவற்றை எடைக்குப் போடாதீர்கள். உங்கள் கடையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவரை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆவுக்குப் பின் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து இந்தப் பிள்ளைகள் முன் உட்கார வையுங்கள். முதலாளியாகிய நீங்கள் அந்த இடத்தில் இருக்காதீர்கள், அவர் பேச மாட்டார்.

ஒவ்வொரு பதிவையும் மூன்று இடத்தில் வையுங்கள். பேசியவர் வீட்டில் ஒன்று, ஜமாஅத் நூலகத்தில் ஒன்று, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் ஒன்று. கைப்பேசியில் மட்டும் இருப்பது இருப்பதாகக் கணக்கில்லை.

கேசட் ஓட்டும் கருவி ஒன்றைச் சரிசெய்து வைத்திருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை முதல் அஸருக்குப் பின் இதே இடத்தில் இருக்கும். கேசட் கொண்டுவருகிறவர்கள் அதன் மேல் யார் குரல், எந்த ஊரிலிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதிக் கொண்டுவாருங்கள். நாடா தளர்ந்திருந்தால் அந்தப் பென்சிலையே துவாரத்தில் விட்டு மெதுவாகச் சுற்றி இறுக்கிக் கொள்ளலாம். பெரியவர்களுக்கு அது தெரியும், கேட்டுப் பாருங்கள்.